சம்சாரத்துக்கு முடியல

எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பது யார் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். தெரிந்தவர்கள் கதவுச் சங்கிலியை இழுத்து ஆட்டுவார்கள், மீன்காரர் கூவுவார், தபால்காரர் சைக்கிள் மணியை அடிப்பார், உதவி கேட்டு வருகிறவர்கள் மட்டும் எதையும் தொடமாட்டார்கள், படிக்குக் கீழே நின்றுகொண்டு, தொண்டையில் ஒன்றும் இல்லாதபோதும் எதையோ சரிசெய்துகொள்வதைப்போல ஒரு சின்னச் செருமல், கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு செருமல். அந்த இடைவெளி இருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்காது. எழுதிக்கொண்டிருந்த வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். ஓடாவிட்டால் வந்தவர் இரண்டாவது செருமலோடு போய்விடுவாரோ என்று ஒரு பயம், போனால் நம்மால்தான் போனார் என்று ஆகிவிடுமே என்று இன்னொரு பயம். பத்து வயதிலேயே இப்படிப் பதறுகிற பிள்ளையாக இருந்தேன். ஐம்பது தாண்டியும் அது சரியாகவில்லை.

நான் சொல்வது எழுபதுகளின் கடைசி வருஷங்கள். மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிக்குப் போகிற ஒரு சந்தில், முன்பக்கம் குறுகலாகவும் உள்ளே போகப்போக நீண்டுகொண்டே இருப்பதாகவும் உள்ள ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவை அத்தா என்போம்; அவருக்குப் பழைய சாக்கு வியாபாரம். பண்டகசாலைகளில் மிளகையும் சுக்கையும் கொட்டிவிட்டுப் போடுகிற சாக்குகளை வாங்கி, உதறி, ஓட்டை தைத்து மறுபடி விற்பார். அவர் வீட்டுக்குள் நுழைந்தாலே எங்களுக்குத் தும்மல் வரும். பாட்டன் காலத்தில் பாலக்காட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட தமிழ் முஸ்லிம் குடும்பம் எங்களுடையது. தெருவில் மலையாளம், வீட்டில் தமிழ், அந்தத் தமிழிலும் பாதி மலையாளம். சுற்றிலும் குஜராத்தி பேசுகிறவர்கள், கொங்கணி பேசுகிறவர்கள், கச்சி பேசுகிறவர்கள் என்று ஆளுக்கொரு பாஷை. கேட்டு வருகிறவர்களை ஊரே பாஷைவாரியாகப் பங்கு பிரித்து வைத்திருந்தது. குஜராத்தி பேசிக்கொண்டு வந்தால் குஜராத்தித் தெரு, கொங்கணி என்றால் கோயில் பக்கம், தமிழ் என்றால் நாங்கள். சந்து முனையில் சாயாக்கடை வைத்திருந்த சேட்டன், தமிழ்க் குரல் காதில் விழுந்த மாத்திரத்தில் "தமிழனாணோ? தா, ஆ சாக்குக்காரன்றெ வீடு" என்று எங்கள் பக்கம் கையை நீட்டிவிடுவார். வேலை தேடி வந்து கிடைக்காதவர், துறைமுகத்தில் பையைப் பறிகொடுத்தவர், நேர்ச்சைக்காக நடந்தே ஊர் ஊராகப் போகிறவர், எல்லோரும் எங்களுக்குச் சொந்தம். இத்தனைக்கும் நாங்கள் பணக்காரர்கள் இல்லை, தமிழ்க்காரர்கள், அவ்வளவுதான்.

அம்மா அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். வாசலறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கும். ஆண்கள் வந்திருக்கும்போது அதைத் தாண்டுவதில்லை என்பது அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வழக்கம். அத்தா பகல் முழுக்கக் கடையில். ஆகையால் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவே சேதி கொண்டுபோகிற வேலை என்னுடையது. வீட்டில் எனக்குப் பேரே "தபால்" என்றுதான். வந்தவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, மூன்று அறையும் ஒரு முற்றமும் தாண்டி ஓடி, அடுக்களையில் ஒப்பிப்பேன். "எந்த ஊராம், கேட்டுட்டு வா" என்பாள். மறுபடி ஓட்டம். "கூட ஆரு வந்திருக்கா?" மறுபடி ஓட்டம். நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் வழியில் கொஞ்சம் சிந்தத்தானே செய்யும்? வார்த்தையும் சிந்தியது, போதாததற்கு நான் என் பங்குக்கு வழியில் கொஞ்சம் சேர்த்தும் கொள்வேன்.

கொடுப்பதா வேண்டாமா என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அத்தா ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். சட்டைப் பையில் கையை விட்டு, வந்ததைக் கொடுப்பார். "கேக்கறது லேசில்ல புள்ள, நீ ஒரு தடவ கேட்டுப் பாரு, தெரியும்" என்பார். அம்மா "பாத்திரம் அறிஞ்சு பிச்சை போடணும்" கட்சி. அவளைக் கஞ்சம் என்று சொன்னால் பாவம் பிடிக்கும்; அவளுடைய பயமெல்லாம் ஏமாந்துபோவதில்தான். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் "நான் ஒரு மடச்சி" என்று சொல்லிக்கொண்டு இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டாள். கொடுப்பதில்லை என்று முடிவானாலும் "இல்லை" என்று சொல்லக்கூடாது. கேட்டு வந்தவரிடம் "மாப்பு" என்றுதான் சொல்ல வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். கொடுக்காமல் அனுப்புகிறவர்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிற நல்ல வழக்கம் அது. ஆனால் தினமும் சொல்லிச் சொல்லி என் வாயில் அது "போ" என்பதற்கு இன்னொரு வார்த்தையாகத் தேய்ந்து போயிருந்தது.

அந்த வருஷம் மழைக்கு முன்னால், வாய் பேசாதவர் ஒருவர் வந்தார். கையில் ஒரு மஞ்சள் அட்டை, அதில் மூன்று பாஷையில் அச்சடித்த எழுத்து. அட்டையை உள்ளே கொண்டுபோனேன்; தமிழில் இருந்ததை அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறவியிலேயே பேச்சும் கேள்வியும் இல்லை, கரையேற்ற மூன்று தங்கைகள் என்று எழுதியிருந்தது. படித்து முடிப்பதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது. காசும் அரிசியும் போதாதென்று, அத்தா பெருநாளைக்கு மட்டும் போடுகிற நீலச் சட்டையையும் மடித்துக் கொடுத்தனுப்பினாள். நாலாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்க்கிறேன், சேட்டன் கடையில் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதே ஆள், "எடோ, இதில் பஞ்சாரயில்லல்லோ!" என்று சாயாவில் சர்க்கரை போதாததற்கு ஊர் கேட்கச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். மூச்சிரைக்க ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் அழுதேனே புள்ள" என்றாள். சட்டை போனதைவிட, தன் அழுகையை ஒருவன் வாங்கிக்கொண்டு போனதுதான் அவளுக்கு ஆறவில்லை. இனி வாய் பேசாதவன் என்று எவன் வந்தாலும் மாப்புதான் என்று அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். மலையாளத்தில் "சம்சாரம்" என்றால் பேச்சு. எங்கள் டீச்சர் மேசையில் பிரம்பால் தட்டி "சம்சாரம் நிர்த்து!" என்று கத்தாத நாளில்லை, கத்துவது பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான். ஜமீலாவுக்கு வகுப்பில் சம்சாரம் கூடுதல் என்று அத்தாவையே ஒருமுறை கூப்பிட்டனுப்பிச் சொன்னார்கள். ஆக அது நான் அடிவாங்கிக் கற்றுக்கொண்ட வார்த்தை. அதே வார்த்தைக்குத் தமிழ்நாட்டில் மனைவி என்று அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் "பொஞ்சாதி" என்போம், கொஞ்சம் மரியாதையாக "வீட்டுக்காரி" என்போம். சம்சாரம் என்று ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழை வரப்போகிற புழுக்கம், செருமல் கேட்டு ஓடினேன். படிக்குக் கீழே ஒருவர் நின்றார். அத்தா வயதிருக்கும். தோளில் துணிப்பை, கையில் ஒரு தூக்குச் சட்டி. சட்டையின் மேல் பித்தான் இல்லாத இடத்தில் ஊக்கு குத்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கூப்பப் போனவர், சின்னப் பிள்ளை என்று பட்டதாலோ என்னவோ, பாதியில் நிறுத்திவிட்டார்.

"பாப்பா, வீட்ல பெரியவங்க இருக்காங்களா? சம்சாரத்துக்கு முடியல பாப்பா. ரெண்டு நாளாச்சு. ஏதாச்சும் உதவி பண்ணச் சொல்லு தாயி."

நான் அடுக்களைக்குப் பறந்தேன். அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, ஒரு ஆளு வந்திருக்காரு. பேச முடியலையாம், ரெண்டு நாளா" என்றேன்.

"ஆரு சொன்னது?"

"அவருதான்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "பேச முடியலன்னு அவனே சொன்னானா?"

"ஆமா. நல்லாச் சொன்னாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அதிலுள்ள வேடிக்கை எனக்கே உறைத்தது. அம்மாவின் உதடு துடித்தது, பிறகு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் பார்த்ததில்லை. நீலச் சட்டை போனதிலிருந்து மூடிக்கிடந்த முகம் அது. முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போன தடவ வந்தவன் அட்டையாச்சும் வச்சிருந்தான், இவன் அதுவும் இல்லாம வந்துட்டானா" என்று மறுபடி சிரித்தாள். அம்மாவைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்ற பெருமையில் நான் தலைகால் தெரியாமல் நின்றேன். கழுத்தைச் சாய்த்து, குரலைக் கம்மவைத்து, "சம்... பேச முடியல பாப்பா" என்று நடித்துக்கூடக் காட்டினேன். அம்மா கையாட்டினாள். "போதும் புள்ள, மீன் கரியுது. மாப்பு சொல்லிட்டு வா."

வாசலுக்கு வந்து "மாப்பு" என்றேன். அவர் "சரி பாப்பா" என்றார். முகம் கோணவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். அதோடு விட்டிருந்தால் அது ஒரு சாதாரணத் தப்பு. ஊரில் எத்தனையோ வாசல், எத்தனையோ மாப்பு. ஆனால் என் வயிற்றில் சிரிப்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. படியில் நின்றபடி அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன்:

"சம்சாரமெல்லாம் நல்லாத்தானே இருக்கு!"

அவர் நின்றார். திரும்பினார். "என்ன பாப்பா சொன்ன?"

"சம்சாரம் நல்லாத்தான் இருக்கு. ஒரு கொழப்பமும் இல்ல."

இரண்டே எட்டில் படிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். "நீ பாத்தியா? போட்டு ஜெட்டிலயா பாத்த? எந்திரிச்சிட்டாளா?"

போட்டு ஜெட்டி என்றால் படகுத்துறை என்பதைத் தவிர அவர் கேட்டது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. பெரியவர்கள் அப்படி என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு பதிலுக்காக நின்றதில்லை. எதைக் கேட்கிறார் என்று தெரியாமலே "ம்" என்று தலையாட்டினேன்.

"நல்லா இருப்ப தாயி" என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார். நடக்கவில்லை, ஓடினார். தூக்குச் சட்டி தொடையில் இடித்து இடித்துச் சத்தம் போட, சந்து முனையில் சேட்டனின் பெஞ்சைச் சுற்றித் திரும்பி மறைகிறவரை ஓடினார்.

நான் உள்ளே வந்து சோறு தின்றேன். "எந்திரிச்சிட்டாளா" என்ற வார்த்தையின் கடைசியில் இருந்த அந்த "ளா" மீன் முள்ளைப்போலக் குத்தியது. யார் எழுந்துகொண்டாளா என்று கேட்டார்? பேச்சு எப்படி எழுந்துகொள்ளும்? கேட்டால் அம்மா சொல்லியிருப்பாள், கேட்க முடியவில்லை. முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது.

அத்தா அந்தி நேரத்துக்கு வந்தார். அம்மாவே ஆரம்பித்துவிட்டாள், "உங்க மக இன்னைக்கு ஒரு கூத்துப் பண்ணுனா, கேளுங்க" என்று. எனக்கு வேறு வழியில்லை. மத்தியானத்தைப்போலவே கழுத்தைச் சாய்த்து நடித்துக் காட்டினேன். மாப்பு சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். அத்தா சிரிக்கவில்லை. தலை துவட்டிக்கொண்டிருந்த துண்டைத் தோளில் போட்டார்.

"அவரு என்ன வார்த்தை சொன்னாரு? அவரு சொன்னபடியே சொல்லு."

"சம்சாரத்துக்கு முடியல பாப்பா, ரெண்டு நாளாச்சு."

அத்தா என் பக்கத்தில் குந்தினார். பிறகு மெதுவாக, "சம்சாரம்னா பொஞ்சாதி, புள்ள. தமிழ்நாட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க. பொஞ்சாதிக்கு மேலுக்கு முடியலன்னு வந்திருக்காரு" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தா கழற்றிப் போட்ட ஈரச் சட்டையையே மறுபடி மாட்டினார். "நீயும் வா. மொகம் உனக்குத்தானே தெரியும்." திரைக்குப் பின்னாலிருந்து அம்மா, எங்களிடம் சொல்வதுபோல இல்லாமல், "நான் போயிருக்கணும்" என்றாள்.

குடையில் பாதி நனைந்தபடி முதலில் சேட்டன் கடை, பிறகு பஜார், பிறகு போட்டு ஜெட்டி. படகுத்துறைக்குப் போகலாம் என்று அத்தாவிடம் நான்தான் சொன்னேன். அவர் எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. ஜெட்டிக் கொட்டகையில் விளக்குப் போட்டிருந்தார்கள். மூட்டை தூக்குகிற ஒருவர் அத்தாவுக்குத் தெரிந்தவர். "ஆ தமிழனோ இக்கா? அவர் போயல்லோ" என்றார்.

இருவரும் போய்விட்டார்களாம். அந்தச் சுமைக்காரர் சொன்னதைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் இப்படி. யாரோ சொந்தக்காரரைத் தேடி வந்தவர்கள், விலாசத்தில் ஆள் இல்லை. அந்த அம்மாளுக்குக் காய்ச்சல். காலையிலிருந்து கொட்டகையில் ஒரு போர்வை விரித்துக் கிடந்தாள். புருஷன் உதவி கேட்டு ஊருக்குள் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். "சிரிச்சோண்டா ஓடி வந்நது, இக்கா. பாரியய்க்கு சுகமாயின்னு ஆரோ பறஞ்ஞத்ரே." மனைவிக்குக் குணமாகிவிட்டதென்று யாரோ சொன்னார்களாம், சிரித்துக்கொண்டே ஓடி வந்தாராம். வந்து பார்த்தால் அவள் போட்ட இடத்தில் போட்டபடி கிடக்கிறாள். தோளைப் பிடித்து உலுக்கினார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து என்னமோ கேட்டார், பதற்றத்தில் தமிழை வேகமாகக் கொட்டியதால் அது மட்டும் ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்புறம் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தவர் எங்கேயும் போகவில்லை. மழை கொஞ்சம் விட்டதும் சுமை தூக்குகிறவர்களே காசு போட்டு, அவளைத் தூக்கிப் போட்டில் ஏற்றி, எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

"உயிர் இருந்துச்சா?" என்று அத்தா கேட்டார்.

"உண்டாயிருந்நு இக்கா. கைக்கு சூடுண்டாயிருந்நு." உயிர் இருந்ததாம், கையில் சூடு இருந்ததாம்.

திரும்பி வரும்போது அத்தா இரண்டு தடவை தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். "கொணமாயிருச்சுன்னு ஆரு சொல்லிருப்பா? எதுக்குச் சொல்லணும்?" நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மாப்பு சொன்னது அம்மாவின் வாய்ச் சொல். வார்த்தை மாறிப்போனது எந்தப் பிள்ளைக்கும் நடக்கக்கூடியது. ஆனால் அந்த "ம்" மட்டும் முழுக்க முழுக்க என்னுடையது. அவர் அடுத்த வாசலுக்குப் போயிருப்பார். அங்கே யாராவது கொடுத்திருப்பார்கள், மூன்று மணிக்கே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார். நான் தலையாட்டியதால்தான் கேட்பதை நிறுத்திவிட்டு ஓடினார்.

மறுநாள் முதல் போட்டில் அத்தாவும் நானும் எர்ணாகுளம் போனோம். ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்குள் அத்தாவை விடவில்லை, என்னை மட்டும் விட்டார்கள். நர்ஸ் "பேரெந்தா?" என்று கேட்டார். பேர் தெரியாது. "எந்த ஊரு?" தெரியாது. கட்டில் கட்டிலாக நடந்தேன். அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை என்பது நாலைந்து கட்டில் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பார்த்ததெல்லாம் அவள் புருஷனை. கண் மூடிக் கிடந்த ஒவ்வொரு பெண்ணையும் பார்த்து, இவளாக இருக்குமோ, இவளாக இருக்கக்கூடாதே என்று மாறி மாறி வேண்டிக்கொண்டு நடந்தேன். வெளியே வராந்தாவில் அந்த முகம் இல்லை. மூன்று நாள் போனோம். மூன்றாம் நாள், அன்று சேர்த்த காய்ச்சல்காரர்களில் சிலரை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பதாக ஒருவர் சொன்னார். சிலர் போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார். போய்விட்டார்கள் என்றால் எங்கே என்று அத்தா கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பிராட்வே கடைத்தெரு வழியாகப் படகுத்துறைக்கு நடந்தார். வழியில் எனக்கு நாரங்கா வெள்ளம், அதாவது எலுமிச்சைச் சாறு, வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரத்திலிருந்து அம்மா வாசலுக்கு வந்தாள். செருமல் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, திரையைத் தாண்டி அவளே வந்து நிற்பாள். பாலக்காட்டிலிருந்து வந்திருந்த பெரியத்தா ஒருவர், "கேக்க வர்றவனுக்கெல்லாம் மொகத்தக் காட்டறதா?" என்று சண்டைக்கு வந்தார். அம்மா நிதானமாக, "மொகத்துக்கு என்ன இருக்கு பெரியத்தா, காதுதான் வேணும்" என்றாள். அதற்காக அவள் கட்சி மாறிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். சந்தேகம் அப்படியேதான் இருந்தது. எந்த ஊர், யார் அனுப்பியது, கூட யார் என்று பழைய கேள்விகளையெல்லாம் கேட்பாள். ஆனால் தன் வாயால் கேட்டு, தன் காதால் கேட்டுக்கொள்வாள். கேள்விகளின் கடைசியில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: "ஆருக்கு முடியல? வெளங்கும்படியாச் சொல்லுங்க." என்னுடைய தபால் உத்தியோகம் அதோடு போயிற்று. அது எனக்குத் தண்டனையாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

நிம்மதி என்று எழுதிவிட்டேன், அது பொய். எண்பதுகளில் எர்ணாகுளத்தில் கல்லூரிக்குப் போகத் தொடங்கியதும் தினம் இரண்டு வேளை போட்டுப் பயணம். இரண்டு வேளையும் ஏறுகிறவர், இறங்குகிறவர் முகத்தையெல்லாம் பார்ப்பேன். ஒருநாள் துணிப்பையும் தமிழ்ப் பேச்சுமாக ஒருவர், பக்கத்தில் ஒரு பெண். வகுப்பை விட்டுவிட்டு, பிராட்வே நெரிசலில் அவர்கள் பின்னாலேயே பாத்திரக் கடை, துணிக்கடை, வெங்காய மண்டி என்று ஒரு மணி நேரம் அலைந்தேன். ஒரு கடை வாசலில் அவர் சட்டென்று திரும்பி, "என்னம்மா வேணும்?" என்றார். அவரில்லை. "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டேன். என் கையிலேயே கடிகாரம் இருந்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

அத்தா போய்ப் பதினெட்டு வருஷம், அம்மா போய் ஆறு வருஷம். குணமாகிவிட்டது என்று சொன்னது யார் என்பது இருவருக்கும் கடைசிவரை தெரியாது. அத்தாவிடம் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். இரண்டு தடவையும் அவரே வேறு பேச்சுப் பேசிவிட்டார், அல்லது பேசிவிட்டார் என்று நான் வைத்துக்கொண்டேன். இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன், அதுவும் பள்ளிக்கூடத்தில் படிக்காத தமிழில், தப்பும் தவறுமாக.

இன்று நான் ஆலுவாவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். கீழே காவலாளி இருக்கிறார். செருமிக்கொண்டு யாரும் வாசலுக்கு வருவதில்லை. கேட்கிறவர்கள் போனுக்கு வருகிறார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலின் படத்தோடு. பொய்யாக இருக்கும் என்று என் மகன் பார்க்காமலே தள்ளிவிடச் சொல்கிறான். பல நேரம் அவன் சொல்வது சரியாகவும் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். சம்சாரம் என்ற சொல்கூடப் போய்விட்டது. தமிழ்நாட்டிலிருந்து வருகிற சின்ன வயதுக்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். இதையெல்லாம்விட எனக்குப் பெரிய நஷ்டம் ஒன்று நடந்திருக்கிறது. அவருடைய முகம் எனக்கு மறந்துவிட்டது. ஊக்கு குத்திய சட்டை நினைவிருக்கிறது, தூக்குச் சட்டி இருக்கிறது, முகம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. நாளைக்கு எதிரே வந்து நின்றாலும் அடையாளம் சொல்ல முடியாது.

போன மாசம் ஆலுவா ஸ்டேஷனில் வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆள் வந்து, "மேடம், வைஃபுக்கு முடியல, ஆஸ்பத்திரில சேத்திருக்கு" என்று தமிழில் கேட்டான். அவனை எனக்குத் தெரியும். இரண்டு மாசத்துக்கு முன்னால் இதே பெஞ்சில், அம்மா செத்துப்போய்விட்டாள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனவன். நூறு ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குத் திரும்பியவனைக் கூப்பிட்டு, "இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். கொடுத்த பிறகு அவனை யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள் போல. என் முகத்தைப் பார்த்தான்.

"தேவல மேடம். இன்னிக்குக் காலைல கஞ்சி குடிச்சா."

பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவனை விட மனம் வரவில்லை. "எவ்வளவு குடிச்சாங்க?" என்று கேட்டேன்.